வெண்கலக் குருவி

காலை ஒன்பது மணி. மாடிக் கூடத்துச் சுவரையொட்டி இருந்த கண்ணாடிப் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. பூட்டு நெளிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே பீடம் இருந்தது, விளக்கு எரிந்தது. வெண்கலக் குருவியை மட்டும் காணவில்லை.

முதலில் பார்த்தவர் காவலாளி. மேலுதட்டை முழுக்க மூடிய மீசைக்காரர் என்பதால் அந்த அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் அவர் மீசை அண்ணன். அவர் கத்தவில்லை, ஓடவில்லை. படியிறங்கி வந்து வாசல் கதவை உள்பக்கம் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இயக்குநர் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், குருவி போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"தெரிஞ்சா கையோட கூட்டிட்டு வந்திருப்பேனே சார்."

இயக்குநர் மாடிக்கு ஓடினார், பெட்டியைப் பார்த்தார், ஓடி வந்து போலீசுக்குப் போன் செய்தார். அப்போது கட்டடத்துக்குள் இருந்தவர்கள் மூன்றே பேர்: இயக்குநர், காவலாளி, புகைப்படக்காரர். மற்ற ஊழியர்களும் பார்வையாளர்களும் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள்.

இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றபோது வாசலில் அவருடைய அக்கா குடையோடு நின்றிருந்தாள். மழை அவள் புடவையின் கரையை நனைத்திருந்தது.

"என்னக்கா, வெளியில நிக்கற?"

"மீசை அண்ணன் கதவைத் திறக்க மாட்டேங்கறார். போலீஸ் வந்தாத்தான் திறப்பாராம். நீ எதுக்கு வந்த குட்டி?"

பின்னால் வந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, டியூட்டியில இருக்கும்போது அந்தப் பேரு வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? உள்ள ஒரு வெண்கலக் குருவி திருடு போயிருக்காம்."

குடை அவள் கையில் சரிந்தது. அவள் கதவைத் தட்டினாள்.

அவளை அங்கே டாக்டரம்மா என்பார்கள். துரு ஏறிய வாள், கறுத்த நாணயம், உளுத்த மரப்பெட்டி எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். பழம்பொருள்களைப் பாதுகாப்பது அவள் படித்த படிப்பு, பார்க்கும் வேலை. டாக்டர் என்ற பேச்சைக் கேட்டுவிட்டுப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இருமலுக்கு மருந்து கேட்டு வந்ததும் உண்டு. அவரை உட்காரவைத்து வெந்நீர் கொடுத்து அனுப்பினாள்.

குருவி அவளுடைய நீண்டநாள் நோயாளி. உள்ளங்கையில் அடங்கும் பறவை. பல நூறு வருடம் சேற்றுக்குள் கிடந்து, பதினோரு வருடத்துக்கு முன் துறைமுகத்துக்குக் கால்வாய் வெட்டும்போது வெளியே வந்தது. அதைச் சேற்றிலிருந்து எடுத்தது, அன்று மண்வெட்டியோடு நின்ற கூலியாள். பிறகு அருங்காட்சியகம் அவருக்கே காவல் வேலையைக் கொடுத்தது. அவர்தான் மீசை அண்ணன்.

"குட்டி, நல்லாக் கேட்டுக்கோ," என்றாள் அவள் படியேறும்போது. "அந்த வெண்கலத்துக்குள்ள உப்பு ஊறியிருக்கு. ஈரக்காத்து பட்டா வெளிர்பச்சையா பொடி பூக்கும். பூத்தா உள்ளேயிருந்து அரிச்சிடும். இந்த மழையில வெளியில வச்சா ரொம்ப நாள் தாங்காது. திருடனை அப்புறம் பிடி, முதல்ல குருவியைக் கண்டுபிடி."

"ரெண்டும் ஒரே இடத்துலதான்க்கா இருக்கும்."

"இருந்தா நல்லது."

மாடிக் கூடத்தில் இயக்குநர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் விசாரணையைத் தொடங்கினார்.

"பெட்டிச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட மட்டும்தான் சார். இதோ இருக்கு."

"கடைசியா எப்ப திறந்தீங்க?"

"புதன்கிழமை. மியூசியத்தோட சிறப்பு மலருக்குப் படம் எடுக்கறதுக்காக. அன்னிக்கே பூட்டியாச்சு."

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம்?"

இயக்குநர் குரலை உயர்த்தினார். "இதுல சந்தேகம் என்ன சார்? எட்டு மணிக்குக் கூடத்தைத் திறந்தது காவலாளி. ஒன்பது மணிக்குக் காணோம்னு சொன்னதும் காவலாளி. நான் கீழ என் ரூம்ல இருந்தேன். அந்தக் குருவி தன்னோடதுன்னு அவருக்கு எப்பவுமே ஒரு நெனப்பு. தானே கண்டெடுத்ததாம்!"

மீசை அண்ணன் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் அவரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிவிட்டிருந்தார். சாவி இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார்.

"எட்டு மணிக்குக் குருவி இருந்துச்சா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இருந்துச்சு சார். தினமும் திறந்ததும் அதுக்கு ஒரு சல்யூட் வைப்பேன். இன்னிக்கும் வச்சேன்."

"அப்புறம்?"

"கீழ உள்முற்றத்து ஓடையில தண்ணி அடைச்சிருந்துச்சு. குத்தி விடப் போனேன். திரும்பி வர ஒன்பதாச்சு."

"யாராவது பார்த்தாங்களா?"

"மழைதான் பார்த்துச்சு."

"நீங்களே எடுத்து ஒளிச்சு வச்சீங்களா?"

மீசை அண்ணன் எழுந்து நின்றார். "எடுக்கணும்னா அன்னிக்கே எடுத்திருப்பேன் சார். சேத்துக்குள்ள கையை விட்டு அதை வெளிய எடுத்தப்ப என் பக்கத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. இடுப்புத் துணியில சுருட்டிட்டுப் போயிருந்தா இந்த மியூசியமே தெரிஞ்சிருக்காது."

டாக்டரம்மா அவர் தோளைத் தொட்டு, "உட்காருங்கண்ணே," என்றாள்.

மூன்றாவது ஆள் புகைப்படக்காரர். 'ஃப்ளாஷ்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். சிரித்த முகம், எப்போதும் கழுத்தில் கேமரா.

"நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"எட்டரைக்கு. இயக்குநர் சார்தான் கதவைத் திறந்து விட்டார். புதுசா வச்ச ஓவியங்களை எடுக்கணும். பக்கத்துக் கூடத்துலதான் இருந்தேன்."

"ஏதாவது சத்தம்?"

"மழைச் சத்தத்துல என்ன சார் கேக்கும்?"

"பையைத் திறங்க."

"தாராளமா." அவரே பையைக் கவிழ்த்துக் காட்டினார். கேமராக்கள், வயர்கள், ஒரு பொட்டலம் பிஸ்கட், ஒரு திருகாணி முடுக்கி.

"இது எதுக்கு?"

"கேமரா ஸ்டாண்டு ஆட்டம் கண்டா முடுக்கணும்ல சார்."

தேடுதல் நடந்தது. கான்ஸ்டபிள்கள் இருவரும் அலமாரி, கூரை இடுக்கு, குப்பைக்கூடை, கழிப்பறைத் தொட்டி எதையும் விடவில்லை. மூவரின் பைகளையும் உடைகளையும் சோதித்தார்கள். வாசலருகே இருந்த விற்பனை அலமாரியையும் பார்த்தார்கள். நினைவுப்பொருளாக விற்பதற்காக, அச்சில் வார்த்து வெண்கலச் சாயம் பூசிய குருவிகள் அதில் வரிசையாக நின்றன. ஒரு கான்ஸ்டபிள் ஒன்றை எடுத்து விரலால் சுண்டினார். "பிளாஸ்டிக் சார்," என்று வைத்துவிட்டார்.

எங்கும் இல்லை. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. கம்பிகளில் நெருக்கமான வலை. எட்டரைக்குப் பிறகு போலீஸ் வரும்வரை வாசல் கதவு திறக்கப்படவே இல்லை.

"அப்ப பறந்துதான்க்கா போயிருக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர் சலிப்போடு.

டாக்டரம்மா கண்ணாடிப் பெட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு பீடத்துக்குக் கீழே இருந்த தட்டை இழுத்தாள். தட்டு நிறையச் சின்னச் சின்ன மணிகள். புதுச் செருப்பு டப்பாவில் பொட்டலமாக வருமே, அதே சரக்கு. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிப்பதற்காக வைப்பது. காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் ரோஜா நிறம். இப்போது ரோஜா நிறமாக இருந்தன. அவள் விரலை உள்ளே விட்டு அடியிலிருந்த மணிகளைக் கிளறி எடுத்தாள். அவையும் ரோஜா நிறம்.

"இதை எப்ப மாத்தின?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"புதன்கிழமை காலையில. எல்லாம் நல்ல நீலம். அன்னிக்கு மத்தியானமே பயிற்சி வகுப்பு நடத்த வெளியூர் போயிட்டேன். நேத்து ராத்திரிதான் வந்தேன்."

"கதவு திறந்து கிடக்குல்ல. ஈரம் பட்டிருக்கும்."

"ம்," என்றாள். கதவு விளிம்பில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டையை மேலிருந்து கீழாக விரலால் தடவினாள். ஒரு இடத்தில் நின்றாள். அங்கே பட்டை மடிந்து, மடிப்பு அழுந்தித் தழும்பு போலாகியிருந்தது.

பீடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி குப்புறக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் காட்டினார். "திருடன் அவசரத்துல தட்டி விட்டிருக்கான்."

"அது குருவியோட வலது ரெக்கையைக் காட்டறதுக்கு வச்சது. அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்ல. போன மாசம்தான் அந்த ரெக்கையைச் சுத்தம் பண்ணி முடிச்சேன். மேல படிஞ்சிருந்ததை ஊசி முனையால எடுக்க எடுக்க, அடியில இறகு இறகா மெல்லிய கோடு. செஞ்சவன் கையெழுத்து மாதிரி. வர்றவங்க அதைப் பார்க்கட்டும்னு கண்ணாடியை நிமித்தி வச்சேன்." அவள் திரும்பினாள். "மீசை அண்ணே, எட்டு மணிக்கு சல்யூட் வச்சப்ப இந்தக் கண்ணாடி எப்படி இருந்துச்சு?"

"குப்புறத்தாம்மா. புதன்கிழமையிலிருந்தே அப்படித்தான். படம் எடுக்கறப்ப வெளிச்சம் எதிர்ல அடிக்குதுன்னு ஃப்ளாஷ் சார் சாய்ச்சு வச்சாராம். திரும்ப நிமித்தல. பெட்டி பூட்டியிருக்கு, நான் எப்படித் தொடறது? நீங்க வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

டாக்டரம்மா தரையிலிருந்து எழுந்தாள். முழங்கால் சொடுக்கென்றது. முகத்தில் காலையிலிருந்து இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"சார்," என்றாள் இயக்குநரிடம், "இன்னிக்குப் பத்து மணிக்கு நான் குருவியை எடுத்துச் சோதிக்கப் போறேன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். காலையில ஃப்ளாஷ் வந்ததும் அவர்கிட்ட சொன்னேன், அதையும் சேர்த்துப் படம் எடுங்கன்னு."

"எல்லாரும் கீழ வாங்க. குட்டி... இன்ஸ்பெக்டர் சார், நீங்களும்தான்."

பத்தரை மணி. விற்பனை அலமாரியின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு குருவியாக எடுத்து வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் விலைச்சீட்டு. பின்வரிசையில் நான்காவதாக நின்ற குருவியின் வயிற்றில் சீட்டு இல்லை. சீட்டு இருந்த இடத்தில் பசைக்கறை சதுரமாகத் தெரிந்தது.

"இதோட காலைப் பாருங்க."

இரண்டு கால்களின் அடியிலும் கடுகளவு வெள்ளை மெழுகு ஒட்டியிருந்தது.

"பீடத்துலேருந்து பொருள் நழுவாம இருக்க நான் வைக்கிற மெழுகு இது. கடைச் சரக்குக்கு இது எதுக்கு? காலையில மீசை அண்ணன் சல்யூட் வச்சது இந்தக் குருவிக்குத்தான்."

மீசை அண்ணனின் வாய் திறந்தது. "பிளாஸ்டிக்குக்கா?"

"நீங்க தினமும் மூணடி தள்ளி நின்னு பார்க்கறீங்க. அந்தத் தூரத்துல அசலும் நகலும் ஒண்ணுதான். ஒரே வித்தியாசம் வலது ரெக்கை. இந்த நகலுக்கெல்லாம் அச்சு எடுத்தது போன வருஷம். ரெக்கையில கோடு தெரிய வந்தது போன மாசம். அதனால நகல்ல கோடு இருக்காது. கண்ணாடி நிமிர்ந்து நின்னா அது காட்டிக் கொடுத்திடும். படுத்துட்டா?"

இன்ஸ்பெக்டர் மெல்ல நகர்ந்து புகைப்படக்காரரின் பக்கத்தில் போய் நின்றார்.

"அக்கா, வரிசையாச் சொல்லு," என்றார், எல்லோர் முன்னிலையிலும் அக்கா என்று அழைத்ததைக் கவனிக்காமலே.

"தட்டுல இருந்த மணியிலேருந்து ஆரம்பிக்கறேன். ஒரு மணி நேரம் கதவு திறந்து கிடந்தா மேல் வரிசை மணிதான் நிறம் மாறும். அடித்தட்டு வரைக்கும் மாற பல நாள் ஆகும். அப்ப, பெட்டிக்குள்ள ஈரம் புகுந்தது இன்னிக்கு இல்ல. யாரோ முன்னாடியே திறந்து, அவசரமா மூடியிருக்காங்க. மூடறப்ப ரப்பர் மடிஞ்சுபோச்சு. அந்த இடுக்கு வழியா நாலஞ்சு நாளா ஈரம் போயிருக்கு. நான் மணியை மாத்தினப்புறம் பெட்டியைத் திறந்தது எப்ப? புதன்கிழமை மட்டும். சார், அன்னிக்கு நீங்க கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தீங்களா?"

இயக்குநர் இல்லையென்று தலையாட்டினார். "நடுவுல ஒரு போன் வந்துச்சு. கீழ போனேன். திரும்பி வரும்போது ஃப்ளாஷே பூட்டிச் சாவியைக் கையில கொடுத்தாரு."

"என்னை வண்டியிலேருந்து இன்னொரு லைட் எடுத்துட்டு வரச் சொன்னாரு," என்றார் மீசை அண்ணன்.

"ஆக, அசல் அன்னிக்கே கேமராப் பையில வெளிய போயிடுச்சு. நகல் பீடத்துல ஏறிடுச்சு. இன்னிக்கு நான் கையில எடுத்தா எடையிலேயே குட்டு உடைஞ்சிடும். பெட்டியைத் திறந்தவங்க யாருன்னு கேள்வி வரும். அதனால என்ன பண்ணணும்? நகல் காணாமப் போகணும், திருட்டு இன்னிக்கு நடந்த மாதிரி இருக்கணும். சாவி இல்ல, முடுக்கி இருக்கு. பூட்டை நெம்பிட்டு, நகலைக் கொண்டுவந்து அதோட கூட்டத்துலயே நிறுத்தியாச்சு. நீங்கல்லாம் கட்டடத்தையே புரட்டினீங்க குட்டி. இல்லாத பொருள் எப்படிக் கிடைக்கும்?"

புகைப்படக்காரர் சிரிக்க முயன்றார். "நல்லாக் கதை கட்டறீங்க டாக்டரம்மா. கடைக் குருவியில மெழுகு இருந்தா அது என் தப்பா? உங்க குருவி எங்க? காட்டுங்க பார்ப்போம்."

"காட்டறேன். குருவிக்கு ஈரம் ஆகாதுன்னு நான் புலம்பறதைப் பத்துத் தடவையாவது கேட்டிருக்கீங்க. பச்சைப் பொடி பூத்தா வாங்க வந்தவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அப்ப அதை ஈரம் புகாத இடத்துலதான் வச்சிருக்கணும். இந்த மழைக்காலத்துல, இங்க இருக்கற மூணு பேர்ல யார் வீட்டுல அப்படி ஒரு பெட்டி இருக்கும்? லென்ஸ்ல பூஞ்சை பிடிக்காம இருக்க நீங்க ஸ்டூடியோவுல ஒரு கண்ணாடி அலமாரி வச்சிருக்கீங்க. அதுக்கு நீல மணி எங்க கிடைக்கும்னு என்கிட்டதானே கேட்டு வாங்கினீங்க?"

கழுத்தில் தொங்கிய கேமராவைப் புகைப்படக்காரர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சிரிப்பு போயிருந்தது.

"ஒரு ஆள் கேட்டான்," என்றார் கடைசியில். "ஒரே ஒரு பொருள்னான். அதை வச்சு வெளிநாடு போய்ப் பெரிய ஸ்டூடியோ போடலாம்னு... பத்து வருஷமா மத்தவங்க செஞ்ச பொருளையே படம் எடுத்துட்டு இருக்கேன். என் படத்துக்குக் கீழ என் பேரைக்கூட யாரும் போடறதில்ல."

"அதுக்கு சண்டை போட்டிருந்தா நானும் கூட நின்னிருப்பேன்," என்றாள் டாக்டரம்மா. "மீசை அண்ணன் தலையில பழி விழ விட்டதுதான் பொறுக்கல."

நண்பகலுக்கு முன்னால் ஜீப் ஸ்டூடியோவின் முன் நின்றது. கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில், நீண்ட லென்ஸுக்குப் பின்னால், மஞ்சள் துடைப்புத் துணியில் சுற்றிய சின்ன மூட்டை. டாக்டரம்மா அதை அங்கேயே பிரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துத் தலை முதல் வால் வரை பார்த்தாள். இன்ஸ்பெக்டர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா?"

"ஒரு பொட்டுப் பச்சை இல்ல." அவள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "திருடினாலும் நல்லாப் பார்த்துட்டிருக்கான், பாவி."

"சாப்பிட்டியா நீ?"

"இல்ல."

"வா, முதல்ல சாப்பிடு. ஸ்டேஷன்ல உன்னைப் பத்தித்தான் பேச்சா இருக்கும். குட்டியோட அக்காதான் கண்டுபிடிச்சாங்கன்னு."

"குட்டின்னு அவங்களுக்கு யார் சொன்னா?"

"நீதான்! காலையில வாசல்ல நின்னுகிட்டு."

மறுநாள் காலை. புதுப் பூட்டு, புது ரப்பர், தட்டு நிறைய நீல மணிகள். கண்ணாடி நிமிர்ந்து நின்றது, அதில் வலது சிறகின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. இயக்குநர் சாவிக்கொத்தோடு மாடிக்கு வந்தார். மீசை அண்ணன் எழுந்து நின்றார்.

"நேத்து வாய் தவறி ஏதோ பேசிட்டேன்," என்றார் இயக்குநர்.

"வாய் தவறல சார். நெனச்சதைத்தான் பேசினீங்க."

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா. நெனச்சதே தப்பு. மன்னிச்சிடுங்க."

மீசை அண்ணன் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். "சரி விடுங்க சார். மணி பத்தாகுது, வெளியில ஜனம் நிக்குது."

கதவு திறந்ததும் கூட்டம் நேராக மாடிக்குத்தான் ஏறியது. செய்தி பரவியிருந்தது. ஒரு பெண் பெட்டிக்கு வெகு அருகில் வந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தாள். பிறகு காவலாளியிடம் திரும்பினாள்.

"ஏங்க, இது அசலா, இல்ல நகலா?"

"அசல்தாம்மா," என்றார் மீசை அண்ணன். "டாக்டரே பார்த்துச் சொல்லிட்டாங்க. உடம்புக்கு ஒண்ணுமில்லையாம்."